லூப்புக்குள் கிளிக் ஹேண்ட்லர்: லெட் மட்டும் போதுமா?

வைகைக்கரை:
ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய பழைய தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து படம், ஐந்து பட்டன். ஃபார் லூப்பில் 'வார் ஐ' என்று வேரியபிளை அறிவித்து, ஒவ்வொரு பட்டனுக்கும் ஹேண்ட்லர் (கிளிக் செய்தால் ஓடும் ஃபங்ஷன்) போட்டிருக்கிறார்கள். எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஐ 5 என்றே வருகிறது. படங்களின் அர்ரேயில் (வரிசைப் பட்டியலில்) இருப்பதோ 0 முதல் 4 வரை. 'வார்' இருந்த இடத்தில் 'லெட்' போட்டதும் சரியாகிவிட்டது. இவ்வளவுதானா?

செம்பருத்தி:
இவ்வளவுதான். உங்கள் ஹேண்ட்லர் ஒரு குளோசர், அதாவது வெளியே உள்ள வேரியபிளைப் பயன்படுத்தும் ஃபங்ஷன். அது ஐ-யின் மதிப்பைப் படியெடுத்து வைப்பதில்லை, அந்த வேரியபிளையே பிடித்துக்கொள்கிறது. வார் என்றால் லூப் முழுக்க ஒரே ஐ. நீங்கள் அழுத்தும்போது லூப் எப்போதோ முடிந்து, அது 5-ல் நிற்கிறது. லெட் ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஐ தருகிறது. 2015-இல் லெட் வரும் முன்பு, இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் எழுதி, ஐ-யை அதற்குள் அனுப்பி, அங்கேயே ஓடவிடுவோம். கோ மொழியிலும் இதே தொல்லை இருந்தது, 2024-இல் 1.22 பதிப்பில் லூப்பின் விதியையே மாற்றினார்கள்.

பழையகீபோர்டு:
இதை நான் ஏற்கவில்லை. எண் சரியாக வந்துவிட்டால் போதுமா? பட்டன்களைச் சுற்றி வெளியே உள்ள டிவ்வில் (பெட்டி எலிமென்ட்டில்) ஒரே லிசனர், அதாவது கிளிக்கைக் கவனிக்கும் ஹேண்ட்லர். எந்தப் படம் என்ற எண் பட்டனின் டேட்டா அட்ரிபியூட்டில். பின்னால் சேரும் பட்டனுக்கும் அதுவே வேலை செய்யும்.

செம்பருத்தி:
பட்டனுக்குள் ஐகான் இருந்தால் ஈவென்ட் டார்கெட்டாக (கிளிக் விழுந்த எலிமென்ட்டாக) ஐகான்தான் வரும். அங்கிருந்து மேலே ஏறிப் பட்டனைத் தேட வேண்டும். டேட்டா அட்ரிபியூட்டில் வைத்ததெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது எண் அல்ல, எழுத்து. 1-உடன் 1 கூட்டினால் 11. குளோசரில் எண் எண்ணாகவே இருக்கும்.

பழையகீபோர்டு:
அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நான் பட்டதைக் கேளுங்கள். ஆர்டர் பட்டியல் ஒன்றில் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் அந்த லூப் மறுபடி ஓடியது. ஒரே ஃபங்ஷனை இரண்டாம் முறை கொடுத்தால் பிரவுசர் சேர்க்காது. லூப்பிலோ ஒவ்வொரு தடவையும் புது ஃபங்ஷன் பிறக்கிறது, அதனால் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போயிற்று. 'நீக்கு' ஒருமுறை அழுத்தினால் சர்வருக்கு மூன்று கோரிக்கை. கழற்றலாம் என்றால் பழைய ஃபங்ஷன் கையில் இல்லை. லெட் இதைத் தடுக்காது.

செம்பருத்தி:
சரி, லூப் ஒருமுறைதான் ஓடும் என்ற இடத்துக்கு மட்டும் என் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
எங்கள் பக்கத்தில் 'மேலும் படங்கள்' பட்டன் இருக்கிறது. இப்போதுதான் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். முதல் படம் மூன்று முறை திறக்கிறது. இன்று சாயங்காலமே லிசனரை டிவ்வுக்கு மாற்றுகிறேன்.