சிலியின் 1980 அரசமைப்பை ஹைமே குஸ்மான்தான் எழுதினாரா?

கேள்வி
வணக்கம். நான் ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் படிக்கும் மாணவன். சாந்தியாகோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த ஹைமே குஸ்மானே, பினோசேயின் ராணுவ ஆட்சியில் உருவான 1980 அரசமைப்பின் சிற்பி என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் வரைவுக் குழுவின் தலைவர் என்ரிக்கே ஓர்தூசர். குழு அமைந்த 1973இல் குஸ்மானுக்கு வயது 27தான். அவ்வளவு இளையவரின் பங்கு உண்மையில் எத்தகையது?

மறுமொழி 1
குஸ்மான் ஒருவரே எழுதினார் என்பது மிகை. 1978 வரை நானூறுக்கும் மேற்பட்ட அமர்வுகளில் கூடிய அக்குழுவின் முன்வரைவை, முன்னாள் அதிபர் ஹோர்ஹே அலெஸ்சாந்திரி தலைமையிலான அரசு ஆலோசனை அவை திருத்தியது. அதன் பிறகு ராணுவ ஆட்சிக்குழுவும் தன் விருப்பப்படி மாற்றியது. ஆயினும் வயதை வைத்து அவரை எடைபோட வேண்டாம். மாணவராக இருந்தபோதே, பல்கலைக்கழகங்களும் தொழில் சங்கங்களும் கட்சிகளின் கருவியாகக் கூடாது என்ற கொள்கையோடு கிரெமியலிஸ்தா இயக்கத்தைத் தொடங்கி, 1973 ராணுவப் புரட்சியில் கவிழ்க்கப்பட்ட இடதுசாரி அதிபர் அயெந்தேயின் ஆட்சிக்கு எதிரான குரல்களில் முன்னணியில் நின்றவர் அவர்.

அவருடைய முத்திரை அரசமைப்பின் பூட்டுகளில் தெரிகிறது. முக்கியச் சட்டங்களைத் திருத்தச் சாதாரணப் பெரும்பான்மையை விட உயர்ந்த பெரும்பான்மை, நியமன செனட்டர்கள், வலிமை மிக்க அரசமைப்புத் தீர்ப்பாயம் ஆகியவை சேர்ந்து, எதிரணி ஆட்சிக்கு வந்தாலும் அடிப்படையை மாற்ற முடியாதபடி செய்தன. 1979இல் அவரே இந்த நோக்கத்தை ஒரு கட்டுரையில் வெளிப்படையாக எழுதினார். அவருடைய அறிவாற்றலை மதிக்கிறேன். ஆனால் வாக்காளர் பட்டியலே இல்லாமல், கட்சிகள் தடைசெய்யப்பட்டிருந்த நிலையில் 1980 செப்டம்பர் 11 அன்று நடந்த வாக்கெடுப்பை மக்களின் ஒப்புதலாக என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 2
மேலே சொன்னவற்றோடு தேர்தல் முறையையும் சேர்த்துப் பாருங்கள். 2015இல் அது மாற்றப்படும் வரை தொகுதிக்கு இரண்டு இடங்கள். முதலில் வரும் அணி இரண்டாம் அணியைப்போல் இருமடங்கு வாக்குப் பெற்றால்தான் இரண்டையும் வெல்ல முடிந்தது; இல்லையென்றால் ஆளுக்கு ஓர் இடம். 1989இல் சாந்தியாகோ மேற்குத் தொகுதியில் ராணுவ ஆட்சியை எதிர்த்த அணியின் ரிக்கார்தோ லாகோஸ் ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்றும், தன் அணியில் இரண்டாவதாக வந்ததாலும் அணியின் மொத்த வாக்கு இருமடங்கை எட்டாததாலும் தோற்றார். எதிர் அணியில் 17 விழுக்காடு பெற்ற குஸ்மான் செனட்டரானார். 1983இல் அவர் நிறுவிய யூடிஐ (சுதந்திர ஜனநாயக ஒன்றியம்) கட்சி இன்றும் சிலியின் வலதுசாரியில் முக்கியமானது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. செனட்டரான பிறகும் அவர் கற்பித்தாரா?

மறுமொழி 1
ஆம். 1991 ஏப்ரல் 1 அன்று பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடித்து வெளியே வந்தபோது, மனுவேல் ரோத்ரிகேஸ் தேசபக்த முன்னணி என்ற இடதுசாரி ஆயுதக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவருடைய கருத்துகளை எதிர்ப்பவர்களும் வருந்த வேண்டிய கொலை அது. நியமன செனட்டர் முறை 2005 திருத்தத்தில் நீங்கியது. 2020இல் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் புதிய அரசமைப்பு வேண்டும் என்றார்கள். ஆனால் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் முன்வைக்கப்பட்ட வரைவுகளை வாக்காளர்கள் நிராகரித்துவிட்டதால், பலமுறை திருத்தப்பட்ட 1980 ஆவணமே நடைமுறையில் இருக்கிறது. ஓர்தூசர் குழுவின் அமர்வுக் குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன. ஸ்பானிய மொழி தெரிந்தால் அவற்றிலிருந்தே உங்கள் ஆய்வைத் தொடங்குங்கள்.