படகு டாய்லெட்டில் இரவில் தானாகத் தண்ணீர் ஏறுகிறது, ஜோக்கர் வால்வு மாற்றியும் நிற்கவில்லை

உப்புக்காற்று:

வணக்கம். 8 மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு, கைமாறி என்னிடம் வந்து ஒரு வருடம் ஆகிறது. உள்ளே இருப்பது கையால் அடிக்கும் பம்ப் வைத்த டாய்லெட். கடல்தண்ணீர் வர 19 மி.மீ. ஹோஸ், கழிவு போக 38 மி.மீ. ஹோஸ். பேசின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

இரவு பேசினை வற்ற அடித்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் பார்த்தால் அடியில் இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர். பம்ப் கைப்பிடியும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வருகிறது, கீழே அழுத்தும்போதுதான் அதிகம். போன வாரம் புது ஜோக்கர் வால்வு (கழிவு ஹோஸிலிருந்து தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ரப்பர் வால்வு) போட்டேன். இரண்டு நாள் சரியாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. சமையல் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், ஒருநாள் இளகியது, அவ்வளவுதான். வால்வு மட்டமான சரக்கா, நான்தான் திருப்பி மாட்டிவிட்டேனா?

எஞ்சின்_அறை:

அடைப்புதான். குளியலறைக்கு வாங்கும் ஆசிட்டையும் பிளீச்சையும் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். எல்லாம் கரைந்து போய்விடும்.

பழைய_சுக்கான்:

தம்பி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆசிட்டும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு வரும். படகுக் கழிப்பறை அலமாரி அளவு இடம், மூச்சு முட்டிவிடும். பிளீச் தனியாகப் போனாலும் ரப்பர் வால்வுகளைக் கெடுக்கும்.

எதையும் கழற்றும் முன், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். வழி இரண்டுதான். ஒன்று, கடலிலிருந்து உள்ளே வரும் ஹோஸ். பேசின் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், பம்பின் தலையில் உள்ள வால்வு கேஸ்கெட் தேய்ந்தால் கடல் தானாகவே வழிந்து வரும். இன்னொன்று, கழிவு ஹோஸில் நிற்கும் தண்ணீர் ஜோக்கர் வால்வைத் தாண்டித் திரும்பி வருவது. அப்படி வந்தால் பம்புக்கு அடியில் இருக்கும், எடை வைத்த மடிப்பு வால்வும் விடுகிறது என்று அர்த்தம்.

இன்று இரவு பேசினை வற்ற அடித்துவிட்டு, உள்வரும் சீகாக்கை (ஹோஸ் கடலோடு சேரும் துளையை மூடித் திறக்கும் வால்வு) மட்டும் மூடுங்கள். வெளிப்போகும் சீகாக் எப்போதும்போல் இருக்கட்டும். காலையில் பேசின் காய்ந்திருந்தால் குற்றவாளி உள்வரும் பக்கம். ஏறியிருந்தால் கழிவுப் பக்கம். வந்த தண்ணீர் தெளிவா, மஞ்சளா, நாற்றம் உண்டா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜோக்கர் வால்வின் பறவை அலகு போன்ற பிளந்த முனை, தண்ணீர் போகும் திசையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் இரண்டு நாள்கூட ஓடியிருக்காது, அதனால் அது சரியாகத்தான் இருக்கும்.

நங்கூரம்:

இதோடு ஒன்று. ஏறும் தண்ணீர் ஓரிடத்தில் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா? 38 மி.மீ. ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.1 லிட்டர் பிடிக்கும். பம்பிலிருந்து, கழிவு ஹோஸ் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி இறங்கும் வளைவின் உச்சி வரை ஒன்றரை மீட்டர் என்றால், ஹோஸிலிருந்து திரும்பி வருவது அதிகபட்சம் ஒன்றரை லிட்டர் சொச்சம். அதோடு நின்றால் வெறும் எரிச்சல். நிற்காமல் ஏறினால் அது கடல். பேசின் விளிம்பைத் தாண்டினால் படகே முழுகும். டாய்லெட் வழியாக முழுகிய படகுகள் உண்டு, இது பயமுறுத்தல் இல்லை.

உப்புக்காற்று:

நன்றி அண்ணா, இருவருக்கும். உள்வரும் சீகாக்கை மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் அப்படியும் தண்ணீர். ஒரு மக்கால் மொண்டு அளந்தேன், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குமேல் மதியம் வரை ஏறவில்லை. வெளிர் மஞ்சள், மூக்கைப் பிடிக்கும் நாற்றம். கழிவு ஹோஸ் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்துதான் போகிறது, உச்சியில் காற்று வால்வும் (காற்றை உள்ளே விட்டு, கடல்தண்ணீர் உறிஞ்சி வராமல் தடுப்பது) இருக்கிறது. பம்பிலிருந்து அந்த உச்சி வரை ஒன்றரை மீட்டர்தான்.

பழைய_சுக்கான்:

அப்போது கழிவுப் பக்கம்தான். கணக்கைப் பாருங்கள்: ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடிக்க வேண்டிய ஹோஸிலிருந்து ஒரு லிட்டர்கூட வரவில்லை. மீதி இடத்தில் என்ன இருக்கிறது? சுண்ணப் படிவு. சிறுநீரும் கடல்தண்ணீரும் சேர்ந்தால் ஹோஸின் உள்சுவரில் கல்மாதிரி ஒட்டும். கீழே அழுத்தும்போது இறுகுவதற்கும் அதுதான் காரணம், ஏனென்றால் கழிவு வெளியே போவது அந்த அழுத்தில்தான். கூடவே உச்சியிலிருக்கும் காற்று வால்வைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள், அதிலும் உப்பு அடைத்திருக்கும்.

புது வால்வு இரண்டே நாளில் விட்டதற்கு என் ஊகம்: படிவின் சில்லு உடைந்து வால்வின் உதட்டுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது. வால்வை மாற்றி ஹோஸை அப்படியே விட்டால் இன்னும் பத்து வால்வு வாங்கலாம்.

கழற்றும்போது:

முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி இருபது முப்பது அடி அடித்துவிடுங்கள், மூக்குக்கு நல்லது. பிறகு இரண்டு சீகாக்கையும் மூடுங்கள். அடியில் வாளி, கைக்கு உறை. கிளாம்ப் கழன்றும் ஹோஸ் வரவில்லை என்றால் திருப்புளியால் நெம்ப வேண்டாம், பிளாஸ்டிக் மூக்கு உடையும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு நிமிடம் வைத்தால் இளகிவிடும். திரும்பப் போடும்போது ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப்.

பம்ப் தலையின் ஸ்க்ரூக்களைத் திரும்ப முடுக்கும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய புரியில் 'டொக்' என்று விழும். அப்புறம் வலப்பக்கம். நேராக முடுக்கினால் புதுப்புரி வெட்டி, அடுத்த தடவை பிடிக்கவே பிடிக்காது. அப்படிக் கெட்ட ஒன்று என் படகில் இன்னும் இருக்கிறது.

எஞ்சின்_அறை:

சரி சரி, ஆசிட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படிவைக் கரைக்க ஏதாவது புளிப்பு வேண்டுமே?

பழைய_சுக்கான்:

வினிகர் போதும், நுரை தள்ளும், மெதுவாகக் கரையும். முற்றிப்போனதற்கு அது ஆகாது. ஹோஸைக் கழற்றி வெளியே கொண்டுபோய், வளைத்துத் தரையில் ஓங்கி அடித்தால் கெட்டியாக இருப்பது உடைந்து கொட்டும். துணி துவைக்கிற மாதிரி. காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள்.

உப்புக்காற்று:

முடிந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஹோஸுக்குள் என் சுண்டுவிரல்தான் போனது. சுற்றிலும் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று பட்டை பட்டையாகக் கல். தரையில் அடித்ததும் முட்டை ஓடு மாதிரி கொட்டியது, ஒரு வாளியில் கால்வாசி. ஜோக்கர் வால்வின் பிளவில் நகத்தளவு சில்லு குறுக்கே நின்றிருந்தது, இரண்டு உதடும் சேரவே வழியில்லை. அடியிலிருந்த மடிப்பு வால்வின் ரப்பரும் விறைத்து நெளிந்திருந்தது. பாகங்கள் அடங்கிய பொட்டலம் கையில் இருந்ததால் அதையும் பிஸ்டனின் ஓ-ரிங்கையும் மாற்றிவிட்டேன். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ்தான் தடவினேன்.

இப்போது ஒரு கையால் அடிக்கிறேன். நான்கு இரவு ஆயிற்று, பேசின் வறண்டே இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் மீதி. கழிவு ஹோஸுக்கு இருக்கும் வளைவு, உள்வரும் ஹோஸுக்கு இல்லை. சீகாக்கிலிருந்து நேராகப் பம்புக்கு, பம்பிலிருந்து நேராகப் பேசினுக்கு. வளைவு போட்டால் எங்கே போட வேண்டும், சீகாக்குக்கும் பம்புக்கும் நடுவிலா?

நங்கூரம்:

அங்கே இல்லை. அங்கே காற்று வால்வோடு வளைவு போட்டால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். பம்பின் தலையிலிருந்து பேசினுக்குப் போகும் குட்டி ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நீளமான ஹோஸ் போட்டு மேலே தூக்குங்கள். படகு சாய்ந்து ஓடும்போதும் உச்சி நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், அதைப் பார்த்து உயரம் வையுங்கள். அது வரும்வரை ஒவ்வொரு தடவையும் சீகாக்கை மூடுங்கள். பம்பின் பக்கத்திலுள்ள, கடல்தண்ணீர் வருவதை நிறுத்தும் குட்டி நெம்புகோலை 'உலர்' பக்கம் தள்ளியதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

உப்புக்காற்று:

சரி அண்ணா. ஹோஸ் வாங்க அளந்தாகிவிட்டது. படகை விட்டு இறங்கும்போது மறக்கக்கூடாது என்று எஞ்சின் சாவியை இப்போதே அந்த சீகாக் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறேன்.