புறப்படும் முன் பறவைகள் எப்படிக் கொழுக்கின்றன?

கேள்வி:
மார்ச் மாதம், சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நீர் வற்றியிருந்த நேரத்தில், வலசைப் பறவையான பவளக்காலி ஒன்று சேற்றை விடாமல் குத்திக் குத்தித் தின்றதை மகளோடு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இவ்வளவு சாப்பிட்டால் எப்படிப்பா பறக்கும்?" என்றாள். யாரேனும் விளக்குவீர்களா?

மறுமொழி 1:
நல்ல கேள்வி, ஐயா. கிராமுக்குக் கிராம் மாவுச்சத்தைவிட இருமடங்குக்கும் மேலான ஆற்றலைக் கொழுப்பு தருவதால், குறைந்த சுமையில் நெடுந்தூரம் செல்ல அதுவே ஏற்ற எரிபொருள். அது எரியும்போது உடலுக்குத் தண்ணீரும் கிடைக்கிறது. ஆய்வுக்காகப் பறவைகளின் காலில் வளையமிடுவோர் நெஞ்சு இறகுகளை மெல்ல ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். மெல்லிய தோலுக்கு அடியில், கழுத்தெலும்புக் குழியில், மஞ்சளாகக் கொழுப்பு தெரியும்.

மறுமொழி 2:
மகளின் ஐயம் மிகச் சரியானது, எடை கூடினால் பறப்பது கடினம்தான். அலாஸ்காவிலிருந்து தெற்கே செல்லும் பட்டைவால் மூக்கனின் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாகிவிடும் என்றாலும், பயணத்தில் பயன்படாத இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவற்றை அது முன்கூட்டியே சுருக்கிக்கொள்கிறது. 2022இல் அவ்வினத்தின் இளம்பறவை ஒன்று, எங்கும் இறங்காமல், 11 நாள்களில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து தாஸ்மேனியாவை அடைந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால், பகல்நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாத சிங்கப்பூரில் பருவத்தை அவை எப்படி உணர்கின்றன?

மறுமொழி 1:
ஆண்டுச் சுழற்சியைக் கணிக்கும் உள்கடிகாரம் அவற்றின் உடலிலேயே உண்டு. பகல் நீளம் அதைத் திருத்த உதவுகிறது.