மதம் இல்லாதவர் தம்மை என்னவென்று சொல்லிக்கொள்வது: நாத்திகரா, பகுத்தறிவாளரா?

வைகை:
கடவுள் நம்பிக்கை இல்லையென்றால் 'நாத்திகர்' என்று சொல்லிவிட வேண்டியதுதானே? 'பகுத்தறிவாளர்' என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? பெரியார் 'கடவுள் இல்லை' என்றார். அண்ணா திருமூலரின் 'ஒன்றே குலம் ஒருவனே தேவன்' என்பதை எடுத்துக்கொண்டார். இருவரையும் பகுத்தறிவாளர் என்கிறோம். அப்படியென்றால் அந்தச் சொல்லை வைத்து ஒருவருடைய கடவுள் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது?

நொச்சி:
தோழர், 'நாத்திகர்' மட்டும் அவ்வளவு தெளிவான சொல்லா? வைதிக மரபில் வேதப் பிரமாணத்தை, அதாவது வேதமே சான்று என்பதை, மறுத்தவர்தான் நாத்திகர். சமணரும் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். படைப்புக் கடவுள் தேவையில்லை என்ற மீமாம்சைத் தத்துவமோ, வேதத்தை ஏற்றதால் ஆத்திகத்தில் நின்றது. ஆக, அது எதிராளி வைத்த பெயர். மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதியைப் பாருங்கள். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல், நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்கிறார். எதை மறுக்கிறார் என்பதை வைத்தல்ல, எதை ஏற்கிறார் என்பதை வைத்து அவருக்குப் பெயர். எனக்கு வேண்டியதும் அதுதான்.

வைகை:
இன்றைக்கு டீக்கடையில் 'நாத்திகர்' என்றால் வேதப் பிரமாணம் யார் நினைவுக்கும் வராது. சாமி இல்லை என்பவர், அவ்வளவுதான். மென்மையான பெயர்களின் கதியையும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் 'இந்து சுயக்கியானிகள் சங்கம்' (சுயமாகச் சிந்திப்பவர்கள்) என்று தொடங்கியவர்கள் பிறகு 'இலௌகிக சங்கம்' (உலகியல் சார்ந்தது) ஆனார்கள். 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' இதழை நடத்திய அருமையான கூட்டம் அது. சுயக்கியானி, இலௌகிகர் என்று இன்று தம்மை யார் சொல்லிக்கொள்கிறார்கள்?

குறிஞ்சி:
இடையில் ஒன்று. 'உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் நான் அக்னாஸ்டிக்' என்று பலர் அதை நடுவழியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 1869இல் ஆங்கில உயிரியலாளர் ஹக்ஸ்லி உண்டாக்கிய அந்தச் சொல் அறிய முடியுமா என்பதைப் பற்றியது. நம்புகிறீர்களா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். அறிய முடியாது, நம்பவும் இல்லை என்றால் அவர் அக்னாஸ்டிக், நாத்திகர் இரண்டும்தான்.

பாலை:
பேச்சுக்கு எந்தப் பெயரும் வைக்கலாம், படிவத்தில் கவனம் வேண்டும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவரையும் பொதுவாகத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. இந்துப் பெற்றோருக்குப் பிறந்த நாத்திகரும் அதற்குள்தான். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த, சுயமரியாதைத் திருமணத்துக்கான 7அ பிரிவுகூட 'இரு இந்துக்கள்' என்றுதான் தொடங்குகிறது. அது வேண்டாமென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்: 30 நாள் அறிவிப்பு, 3 சாட்சிகள். பலர் கவனிக்காதது 21அ பிரிவு. அதன்படி, இருவரும் இந்து என்றால் அந்தச் சட்டத்தில் மணந்தாலும் சொத்து இந்து வாரிசுரிமைப்படியே போகும்.

பட்டியல் சாதியினர் இன்னும் யோசிக்க வேண்டும். பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுக்கும் 1950 ஆணை இந்து, சீக்கியம், பௌத்தம் மூன்றைத்தான் ஏற்கிறது. 'மதமில்லை' என்பவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சாதி மதமற்றவர் என்று சான்றிதழ் வாங்கினால் சாதி வழி இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

வைகை:
ஏற்கிறேன். படிவத்தில் இருப்பது சட்ட வகை, கொள்கை அல்ல. ஆனால் நொச்சி, 'நாம யாரு?' என்று கேட்கும் பிள்ளையிடம் 'பகுத்தறிவாளர்' என்றால், 'அப்ப சாமி இருக்கா?' என்றுதான் அடுத்துக் கேட்கும். எப்படியும் சொல்லத்தானே வேண்டும்?

நொச்சி:
'நாத்திகர்' என்றாலும் அடுத்த கேள்வி உண்டு. சாமி கும்பிடாமலே ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள், எமகண்டம் கழித்து வீட்டைவிட்டுக் கிளம்புபவர்கள் எத்தனை பேர்! அவர்களும் நாத்திகர்தான், சொல்லில் பிழையில்லை. அவர்களிடம் 'ஏன் பார்க்கிறீர்கள்?' என்று கேட்க உங்கள் சொல்லில் இடமில்லை, என் சொல்லில் இருக்கிறது.