மண் அகல்விளக்கைப் பித்தளையாகக் காட்ட கர்வ்ஸ் மட்டும் போதுமா?

விளக்குத்திரி:
கார்த்திகைக்கு வாழ்த்து அட்டை ஒன்று செய்கிறேன். வீட்டில் இருந்த மண் அகல்விளக்கைக் கைபேசியில் படமெடுத்து, அதைப் பித்தளை விளக்காக மாற்ற மூன்று நாளாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். மேலே மஞ்சள் லேயர் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) போட்டு, அடியில் உள்ள படத்தோடு கலக்கும் ஓவர்லே முறையில் வைத்துப் பார்த்தேன், கலர் மோடிலும் வைத்துப் பார்த்தேன், எப்படிச் செய்தாலும் மஞ்சள் பெயின்ட் அடித்த மண் விளக்காகவே இருக்கிறது. படம் திருத்தும் மென்பொருள்களில் ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. எங்கே தப்பு செய்கிறேன்?

கோணல்கோடு:
நிறத்தை முதலில் போட்டதுதான் தப்பு, அது கடைசி வேலை. விளக்கை முதலில் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். மண்ணின் சொரசொரப்பு போக சர்ஃபேஸ் பிளர் கொடுத்து மங்கலாக்குங்கள், ஓரங்கள் கலையாது (கிம்பில் செலக்டிவ் காஸியன் பிளர்). அப்புறம் கர்வ்ஸ் (படத்தின் ஒவ்வொரு வெளிச்ச அளவையும் வேறு அளவாக மாற்றித் தரும் கோட்டு வரைபடம்) திறந்து, நேராக ஏறும் கோட்டை மேலே கீழே, மேலே கீழே என்று மலைத்தொடர் மாதிரி வளைத்துவிடுங்கள். கடைசியாக, இருட்டிலிருந்து வெளிச்சம்வரை ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் கொடுக்கும் கிரேடியன்ட் மேப்: அடர் பழுப்பு, செம்பழுப்பு, மஞ்சள், வெளிர் மஞ்சள். பத்து நிமிட வேலை.

எவர்சில்வர்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பளபளப்பான உலோகத்துக்குச் சொந்தத் தோற்றம் என்று எதுவும் கிடையாது, சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். அடுக்களையில் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சன்னல் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கீற்றாக நீண்டிருக்கும், அதை ஒட்டியே, நடுவில் சாம்பல் நிறம் கொஞ்சமும் இல்லாமல், நீங்கள் ஒரு கறுப்புப் பட்டையாக நிற்பீர்கள், அடி விளிம்பில் மேடையின் கல் வளைந்து தெரியும். மண்ணில் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குகிறது, உலோகத்தில் வெட்டினாற்போல மாறுகிறது. அதனால் ஒரு அறையின் படத்தை எடுத்து, டிஸ்பிளேஸ், வார்ப் இரண்டாலும் விளக்கின் வளைவுக்கு வளைத்து, விளக்குக்கு வெளியே தெரியாதபடி மறைக்கும் மாஸ்க் போட்டு ஒட்டுங்கள். உழைப்புதான், ஆனால் அதுதான் உலோகம்.

கோணல்கோடு:
வெட்டினாற்போல மாறுகிறது என்கிறீர்களே, கர்வ்ஸ் அதைத்தானே செய்கிறது! மண் மாதிரி மங்கலான பரப்பில் ஒரு இடம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பது, அந்த இடம் வெளிச்சத்தை எவ்வளவு நேராகப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அதாவது கறுப்பு வெள்ளைப் படத்திலேயே பரப்பின் சாய்வு எழுதியிருக்கிறது. இந்தச் சாய்வுக்கு வெள்ளை, அடுத்த சாய்வுக்குக் கறுப்பு என்று நான் மாற்றி எழுதுகிறேன். பார்க்கிறவர்கள் பிம்பத்தில் சன்னலா கதவா என்று தேடப்போவதில்லை.

எவர்சில்வர்:
சாய்வு முழுவதும் அதில் இல்லை, அங்கேதான் பிரச்சினை. சன்னலுக்கு 40 டிகிரி இடப்பக்கம் சாய்ந்த இடமும் 40 டிகிரி வலப்பக்கம் சாய்ந்த இடமும் மண்ணில் ஒரே அளவு வெளிச்சமாக இருக்கும். பித்தளையில் ஒன்று சுவரைக் காட்டும், மற்றது கதவைக் காட்டும். உங்கள் கர்வ்ஸ் இரண்டுக்கும் ஒரே நிறத்தைத்தான் கொடுக்கும். விளக்கின் நிழல் விளக்கின் மேலேயே விழுந்திருந்தால் அந்த நிழலையும் மேடு பள்ளம் என்று எடுத்துக்கொள்ளும்.

விளக்குத்திரி:
இரண்டு பேருக்கும் நன்றி. கர்வ்ஸ் முறையைச் செய்து பார்த்தேன், முதல் பார்வைக்கு அசந்துவிட்டேன், குழிவின் உள்பக்கம் உண்மையிலேயே வார்ப்பு மாதிரி வந்தது. ஆனால் இரண்டு குறை. போன வருடம் ஏற்றிய விளக்கு அது, திரி வைக்கும் மூக்கில் கரி படிந்திருக்கிறது. அந்தக் கரி இப்போது யாரோ சுத்தியலால் அடித்து நசுக்கிய பள்ளம் மாதிரி தெரிகிறது. இரண்டாவது, பெரிதாக்கிப் பார்த்தால் வெளிச்சம் மாறும் இடமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது.

எவர்சில்வர்:
கரி பள்ளமானதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கர்வ்ஸுக்குக் கறை எது, வளைவு எது என்று தெரியாது.

கோணல்கோடு:
கரியை முதலிலேயே, பக்கத்துப் பரப்பைக் கொண்டு கறையை மூடும் ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்திருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. படிக்கட்டுக்கு வழி, படத்தை 16 பிட்டுக்கு, அதாவது வெளிச்ச அளவுகளுக்கு மிக அதிகப் படிகள் உள்ள வடிவத்துக்கு, மாற்றுவது. கிம்பில் 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்தே அது உண்டு.

பாத்திரக்கடை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 16 பிட்டுக்கு மாற்றினால் மட்டும் போதாது. கைபேசி எடுக்கும் ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு சேனலுக்கும் இருப்பது 256 வெளிச்சப் படிகள். நான்கு சரிவுகள் உள்ள கோடு போட்டால் ஒரு சரிவுக்கு 64 படிதான் கிடைக்கும், அதை 0 முதல் 255 வரை இழுத்தால் ஒவ்வொரு படியும் நான்கு நான்காகத் தாவும். 16 பிட்டுக்கு மாற்றிய பிறகு பிளர் கொடுங்கள், அந்த பிளர்தான் இடைப்பட்ட படிகளை உண்டாக்குகிறது. வரிசையை மாற்றினால் பலன் இல்லை.

இன்னொன்று, நான் பித்தளைப் பாத்திரங்களோடு வளர்ந்தவன். புளி போட்டுத் தேய்த்த விளக்கைப் பாருங்கள், கை படும் விளிம்புதான் மின்னும், கை போகாத இடுக்கில் கறுப்பு தங்கியிருக்கும். நீங்கள் இருவரும் பிம்பத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 50 சதவீதச் சாம்பல் லேயரை ஓவர்லேயில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பை வெளுப்பாக்கி இடுக்கைக் கறுப்பாக்கினாலே பாதிப் பித்தளை வந்துவிடும்.

கோணல்கோடு:
விளிம்பு விஷயம் சரி. அதோடு மின்னும் இடத்தில் தூய வெள்ளைப் புள்ளி ஒன்று வையுங்கள், எடுப்பாக இருக்கும்.

எவர்சில்வர்:
வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்! பிளாஸ்டிக்கில்தான் ஒளிப்புள்ளி வெள்ளையாக இருக்கும். பித்தளை நீலத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்புகிறது, அதனால் வெள்ளை வெளிச்சம் பட்டாலும் புள்ளி மஞ்சள் கலந்தே தெரியும். விளக்குத்திரியின் விளக்கு பெயின்ட் அடித்த மாதிரி தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோணல்கோடு:
படத்தில் வெளிச்சம் அளவு மீறினால் பித்தளையும் வெள்ளையாகத்தான் பதியும், குத்துவிளக்குப் படம் எதையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

எவர்சில்வர்:
நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள் வளையம். அந்த வளையம் இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். பிம்பம் ஒட்டாமல் முடியாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை, வாய் விளிம்பிலாவது ஒரு சன்னல் கீற்றை ஒட்டுங்கள்.

விளக்குத்திரி:
சரி, கரி படாத புது விளக்கு ஒன்று வாங்கி வந்துவிட்டேன். நாளைக் காலையில் வெயில் நேராக விழாத சன்னல் ஓரத்தில் வைத்து, நிழல் விழாமல் எடுக்கிறேன். அதே இடத்தில் எவர்சில்வர் தம்ளரையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், கீற்று எங்கே விழ வேண்டும் என்று அதைப் பார்த்துப் போடலாம். உடம்புக்குக் கர்வ்ஸ், வாய்க்கு ஒட்டு. இரவுக்குள் இங்கே போடுகிறேன்.