வாஷிங்டன் மாநில ஆடிட்டர்: ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அப்படி என்ன வேலை?

மழைநாட்டான் கேட்டது:

வாஷிங்டன் மாநிலத்தில் கவர்னர், அட்டர்னி ஜெனரல் வரிசையில் ஸ்டேட் ஆடிட்டருக்கும் ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். வேட்பாளர் பெயரோடு எந்தக் கட்சியை விரும்புகிறார் என்பதையும் அச்சிட்டிருக்கிறார்கள். நம்மூர் சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) துண்டு போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டு வருவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கட்சிக்காரர் பார்க்கும் கணக்கு நேராக இருக்குமா?

இன்னொரு சந்தேகம். பக்கத்தில் உள்ள ஒரு சின்ன நகரத்தின் ஆடிட் அறிக்கையை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு 'ஃபைண்டிங்' இருக்கிறது, ஓரிடத்தில் 'அட்வர்ஸ் ஒப்பீனியன்' என்றும் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய தப்பு இது? கவுன்சில் கூட்டத்தில் கேட்கலாமென்று இருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவு_செலவு:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் வாக்குச்சீட்டில் 'கவுண்டி ஆடிட்டர்' என்றும் ஒரு பதவி வரக்கூடும். அது வேறு. பெரும்பாலான கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அவர் தேர்தலை நடத்துவார், பத்திரங்களைப் பதிவார், வண்டிப் பதிவையும் கவனிப்பார். மாநில ஆடிட்டர்தான் நிஜமாகவே தணிக்கை செய்கிறவர்.

1889 மாநில அரசியலமைப்பிலேயே உள்ள பதவி இது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். மாநிலத் துறைகள் மட்டுமல்ல, 39 கவுண்டிகள், 281 நகரங்கள், 295 பள்ளி மாவட்டங்கள், இன்னும் தீயணைப்பு, குடிநீர், நூலகம், கல்லறை மாவட்டம் வரை 2,000-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் இவர் வரம்பில் வருகின்றன. தணிக்கைக்கான செலவை உள்ளாட்சிகளே மணிக்கணக்கில் கட்ட வேண்டும். அதனால் கணக்கைக் குப்பையாக வைத்திருக்கும் ஊருக்கு ஆடிட் பில்லும் ஏறும்.

உள்ளாட்சிகள் நிதியாண்டு முடிந்து 150 நாளுக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். டிசம்பர் 31-இல் ஆண்டு முடிந்தால் மே 30 வரை அவகாசம். எந்த வரவை எந்தக் கணக்குத் தலைப்பில் போடுவது என்பதற்கு 'பார்ஸ்' என்ற கையேட்டையும் ஆடிட்டர் அலுவலகமே வகுத்துக் கொடுக்கிறது. இந்த ஒரே சீர்மைதான் பிற்பாடு ஊருக்கு ஊர் ஒப்பிட உதவுகிறது.

இனி 'ஃபைண்டிங்'. இங்கே குறை சொல்வதில் மூன்று படிகள் உண்டு. சின்ன விஷயம் என்றால் 'எக்ஸிட் ஐட்டம்': முடிவுக் கூட்டத்தில் சொல்வார்கள், அறிக்கையில் ஏறாது. கொஞ்சம் கனமானால் 'மேனேஜ்மென்ட் லெட்டர்': அது தனிக் கடிதமாகப் போகும், அறிக்கையில் ஒரு வரி மட்டும் இருக்கும். கடிதத்தைப் பொது ஆவணமாகக் கேட்டு வாங்கலாம். மூன்றாவதுதான் ஃபைண்டிங். அதை முழுசாக அச்சில் போடுவார்கள்: பின்னணி, என்ன நடந்தது, ஏன் நடந்தது, விளைவு, பரிந்துரை, நகரத்தின் பதில், அந்தப் பதிலுக்கு ஆடிட்டர் குறிப்பு. நம்மூர் பாஷையில் தணிக்கைத் தடை. ஆக, உங்கள் நகரம் வாங்கியிருப்பது உச்சபட்சப் படி. ஆனாலும் எதைப் பற்றிய ஃபைண்டிங் என்று பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

'அட்வர்ஸ்' விஷயத்தில் பதற வேண்டியதில்லை. சின்ன நகரங்கள் பணம் கைக்கு வந்த நாள், கையை விட்டுப் போன நாள் என்ற ரொக்க அடிப்படையில் கணக்கு வைக்க பார்ஸ் அனுமதிக்கிறது. அது அமெரிக்காவின் பொதுக் கணக்கியல் நெறிக்குப் பொருந்தாது. அதனால் ஆடிட்டர் இரண்டு கருத்து எழுதியாக வேண்டும்: பார்ஸ்படி சரி, பொது நெறிப்படி அட்வர்ஸ், அதாவது பொருந்தவில்லை. ரொக்க அடிப்படையில் கணக்கு வைக்கிற ஊர் அத்தனைக்கும் இந்த வரி வரும். பார்ஸ்படி சொன்ன கருத்து 'அன்மாடிஃபைட்' (குறை சொல்லாத கருத்து) ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கேயும் குறை இருந்தால்தான் விஷயம் பெரிது.

தணிக்கைத்தடை:

சி.ஏ.ஜி. ஒப்பீட்டுக்கு வருகிறேன். சி.ஏ.ஜி. அரசியலமைப்புச் சட்டம் 148-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிப்பவர். ஆறு ஆண்டு அல்லது 65 வயது, எது முந்தியோ அதுவரை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும், ஓய்வுக்குப் பின் வேறு அரசுப் பதவி கிடையாது. அவருடைய சுதந்திரத்துக்கு அரண் அது. இங்கே அரண் வேறு வகை. கவர்னர் நியமிக்கவில்லை, எனவே கவர்னரால் தூக்கவும் முடியாது. அமெரிக்க அரசுத் தணிக்கைக்கான நெறிமுறை நூல் (அட்டை நிறத்தை வைத்து 'யெல்லோ புக்' என்பார்கள்) தணிக்கைத் தலைவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதை அமைப்புரீதியான பாதுகாப்புகளில் ஒன்றாகவே கணக்கில் எடுக்கிறது.

கட்சி எங்கே உள்ளே வரும்? உங்கள் நகரத்தின் வழக்கமான ஆடிட்டில் வருவது அரிது. களத்தில் பார்ப்பவர்கள் சம்பளத் தணிக்கையாளர்கள். அதே யெல்லோ புக் அவர்களுக்கு இரண்டு ஆண்டில் 80 மணி நேரப் பயிற்சியையும், அலுவலகத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வெளியார் மறு ஆய்வையும் கட்டாயமாக்குகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவரின் சொந்த விருப்பம் ஓடக்கூடிய இடம் செயல்திறன் தணிக்கைதான், அதாவது ஒரு துறை தன் வேலையைத் திறமையாகச் செய்கிறதா என்று பார்ப்பது. எந்தத் துறையை எடுப்பது, எதை விடுவது, எந்த அறிக்கைக்குப் பத்திரிகையாளரைக் கூப்பிடுவது என்பதில்தான் அரசியல் இருக்கும். வேட்பாளரைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்.

வாஷிங்டனில் இந்த அதிகாரம் 2005 நவம்பரில் 'இனிஷியேட்டிவ் 900' என்ற வாக்கெடுப்பு வழியாக மக்களே கொடுத்தது. காசும் அதிலேயே ஒதுக்கியாயிற்று: மாநில விற்பனை வரி வரவில் 0.16 சதவீதம். நீங்கள் 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் மாநிலப் பங்கு 6.50 டாலர். அதில் 0.16 சதவீதம் ஏறத்தாழ ஒரு சென்ட். பட்ஜெட் நெருக்கடியில் சட்டமன்றம் அந்தச் சென்ட்டிலும் கைவைத்தது உண்டு என்பது வேறு கதை. அறிக்கை வெளியான 30 நாளுக்குள் சம்பந்தப்பட்ட மன்றம் ஒரு பொது விசாரணையாவது நடத்த வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது வேறு இரண்டு. சி.ஏ.ஜி. மாநில அறிக்கை ஆளுநருக்குப் போய், சட்டமன்றத்தில் வைத்த பிறகுதான் நம் கண்ணில் படும். எப்போது வைப்பது என்பது அரசின் கையில். இங்கே அறிக்கை முடிந்ததும் அலுவலகத்தின் இணையதளத்தில் ஏறிவிடுகிறது, யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அடுத்தது, தமிழ்நாட்டில் ஊராட்சி, நகராட்சிக் கணக்கைப் பார்க்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை மாநில நிதித் துறையின் கீழ் இருக்கிறது. இங்கே உள்ளாட்சியைப் பார்ப்பவர் அந்த ஆட்சி நிர்வாகத்துக்கு வெளியே ஓட்டு வாங்கி வந்தவர்.

மழைநாட்டான்:

தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஃபைண்டிங் தலைப்பு: யுட்டிலிட்டி பில் வசூலில் உட்கட்டுப்பாடு போதவில்லை என்று. பணம் காணாமல் போனதாக எங்கும் எழுதவில்லை. அப்படியானால் சும்மா நடைமுறைக் குறைதானா? ஆடிட்டர் தண்டனை எதுவும் கொடுக்க முடியாதா?

கல்லாப்பெட்டி:

சும்மா நடைமுறைக் குறை என்று விட்டுவிடாதீர்கள் சார். சின்ன ஊர்களில் பணம் போவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

தண்ணீர், கழிவுநீர் பில்லை கவுன்டரில் கட்டுகிறார்கள். பணம் வாங்குவது, ரசீது போடுவது, வங்கியில் கட்டுவது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது எல்லாம் ஒரே கிளார்க். இதில் பழைய வித்தை ஒன்று. அன்றைய ரசீதுகளின்படி ரொக்கம் 400, காசோலை 600, மொத்தம் 1,000 டாலர். தபாலில் 250 டாலருக்கு வேறொரு காசோலை வருகிறது, அதற்கு ரசீது போடுவதில்லை. வங்கிச் சீட்டில் ரொக்கம் 150, காசோலை 850 என்று கட்டப்படுகிறது. மொத்தம் அதே 1,000. கூட்டிப் பார்க்கிறவருக்குக் கணக்கு நேராகத்தான் இருக்கும். 250 டாலர் ரொக்கம் பையில். இதைப் பிடிக்க ஒரே வழி, மொத்தத்தை விட்டுவிட்டு ரொக்கம் எவ்வளவு, காசோலை எவ்வளவு என்று ரசீதையும் வங்கிச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆடிட்டர் வங்கியிடமிருந்தே காசோலை வாரியாக விவரம் வாங்குவது இதற்காகத்தான்.

இன்னொரு வழி சரிக்கட்டல். பில் தொகையை 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று கணினியில் குறைத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நிலுவை நோட்டீஸ் போகாது, அவர் கட்டிய ரொக்கத்தைத் தேடி யாரும் வரமாட்டார்கள். பணம் வாங்கும் கைக்கு அட்ஜஸ்ட்மென்ட் போடும் உரிமை இருக்கவே கூடாது.

கவுன்சிலில் கேட்க வேண்டியவை இவைதாம். தபாலைப் பிரிக்கும்போது காசோலைப் பட்டியல் எழுதும் இரண்டாவது ஆள் யார்? வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதியோடு கவுன்சில் உறுப்பினர் ஒருவருக்கு லாகின் இருக்கிறதா? மாதந்தோறும் அட்ஜஸ்ட்மென்ட் பட்டியலில் கையெழுத்துப் போடுவது யார்? வசூல் 24 மணி நேரத்துக்குள் கட்டப்படுகிறதா? அதுதான் மாநிலச் சட்டம், விலக்கு வேண்டுமென்றால் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். "ஆளில்லை, சின்ன ஊர்" என்பார்கள். ஆளில்லாத ஊரில் மேயரோ கவுன்சிலரோ அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே பாதி ஓட்டை அடைபடும். முந்தைய அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். அதே குறை திரும்ப வந்திருந்தால், போன தடவை நகரம் கொடுத்த பதிலை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

தண்டனை பற்றி: ஆடிட்டரால் அபராதம் போட முடியாது, வேலையை விட்டும் நீக்க முடியாது. சம்மன் அனுப்பலாம், சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கலாம், முறைகேடு தெரிந்தால் அட்டர்னி ஜெனரலுக்கும் வழக்குத் தொடுப்பவர்களுக்கும் அனுப்பலாம். பணம் தொலைந்தது தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ நகரம் உடனே ஆடிட்டருக்குச் சொல்லியாக வேண்டும். "பணத்தைக் கட்டிவிட்டுப் போ, வெளியே தெரிய வேண்டாம்" என்ற பஞ்சாயத்துக்கு இடமில்லை. முறைகேட்டுத் தொகையில் சமரசம் செய்ய ஆடிட்டர், அட்டர்னி ஜெனரல் இருவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும்.

பொதுமக்கள் புகாருக்கு அலுவலகத்தின் ஹாட்லைன் இருக்கிறது. தேதி, தொகை, எந்தக் கணக்கு என்று எழுதுங்கள். "அங்கே ஊழல்" என்று மட்டும் எழுதினால் நகராது. விசில்புளோயர் சட்டம் (முறைகேட்டைச் சொல்லும் ஊழியரைப் பாதுகாப்பது) மாநில ஊழியர்களுக்கு மட்டும், அதுவும் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள். நகர ஊழியர்களுக்குத் தனிச் சட்டம், தனி வழி.

டெமாய்ன்_தமிழ்:

வாஷிங்டனைப் பார்த்துவிட்டு எல்லா மாநிலமும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஏறத்தாழ பாதி மாநிலங்களில் ஆடிட்டருக்குத் தேர்தல் உண்டு, ஆனால் ஒரே பெயரில் வேறு வேறு வேலை. மினசோட்டாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆடிட்டர் பார்ப்பது உள்ளாட்சிகளைத்தான். மாநிலத் துறைகளைப் பார்ப்பவர் சட்டமன்றம் நியமிக்கும் 'லெஜிஸ்லேட்டிவ் ஆடிட்டர்'. அந்த உள்ளாட்சி வேலையிலும் 2015 சட்டம் கவுண்டிகள் தனியார் சி.பி.ஏ. (நம்மூர் சி.ஏ. மாதிரி உரிமம் பெற்ற கணக்காளர்) நிறுவனத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது. அன்றைய ஆடிட்டர் ரெபெக்கா ஓட்டோ வழக்குப் போட்டு, 2018-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

அயோவாவில் 2023 சட்டம் ஆடிட்டர் கேட்டுப் பெறக்கூடிய சில தனிநபர் ஆவணங்களுக்கு வரம்பு போட்டது. துறைகள் ஆவணம் தர மறுத்தால் கோர்ட்டுக்குப் போக முடியாது, மூவர் குழுவின் மத்தியஸ்தம்தான். அப்போதைய ஆடிட்டர் ராப் சாண்ட், மாநில அளவில் ஓட்டு வாங்கி ஜெயித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர். நீக்க முடியாதவரின் சாவியைப் பிடுங்கலாம் என்பது இதில் தெரிகிறது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் சட்டமன்றத்தையே தணிக்கை செய்ய ஆடிட்டருக்கு அதிகாரம் கொடுக்கலாமா என்று கேட்டபோது பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆமாம் என்றார்கள். சட்டமன்றத் தலைவர்கள் அதிகாரப் பிரிவினையைக் காட்டிக் கணக்கைத் திறக்க மறுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது மிசூரி முறை. உள்ளூர் வாக்காளர்கள் போதிய கையெழுத்துச் சேர்த்து மனுக் கொடுத்தால் மாநில ஆடிட்டர் அந்த ஊருக்கு வந்தாக வேண்டும். செலவு ஊர் தலையில்தான், அதையும் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒஹாயோவில் தவறாகச் செலவான பணத்துக்கு இன்னார் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பெயர், தொகையோடு எழுதுவார்கள். கட்டித் தீர்க்காதவருக்கு மாநில ஒப்பந்தம் கிடைக்காது.

மழைநாட்டான்:

கடைசியாக ஒன்று. ஆடிட்டரை ஆடிட் செய்வது யார்? அவருக்கே கணக்கியல் தகுதி வேண்டாமா?

வரவு_செலவு:

வாஷிங்டனில் சி.பி.ஏ. பட்டம் சட்டப்படி தேவையில்லை. அலுவலகத்தின் கணக்கை வெளி சி.பி.ஏ. நிறுவனம் பார்க்கும். ஆளைப் பற்றிய சிக்கல் வேறு. 2015 ஏப்ரலில் அப்போதைய ஆடிட்டர் டிராய் கெல்லி மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது, பதவிக்கு வருவதற்கு முன் நடத்திய சொந்த வியாபாரம் தொடர்பாக. கவர்னர் விலகச் சொல்லியும் அவர் விலகவில்லை. சில மாதம் விடுப்பில் போனார், திரும்பி வந்தார், பதவிக்காலம் முடிந்துதான் போனார். 2017 டிசம்பரில் சில குற்றங்களில் தண்டனைக்குரியவர் என்று ஜூரி சொன்னது. இடைப்பட்ட காலத்தில் உள்ளாட்சி ஆடிட்டுகள் நிற்கவில்லை.

கூட்டத்துக்குப் போகும்போது அறிக்கையின் ஃபைண்டிங் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மைக் முன்னால் இரண்டு, மூன்று நிமிடம்தான் தருவார்கள். அட்வர்ஸ் என்று ஆரம்பித்தால் பதில் சொல்லியே அதைத் தீர்த்துவிடுவார்கள். காசோலைப் பட்டியலில் ஆரம்பியுங்கள்.