சேவல் காசின் விளிம்பு

பாரிஸுக்கு வந்த ஏழாவது வருடத்தில் என் முதல் தங்கக் காசை வாங்கினேன். பிரெஞ்சு 20 பிராங்க், 1910 என்று போட்டது. ஒரு பக்கம் பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் தலை, மறுபக்கம் நெஞ்சை நிமிர்த்திய சேவல். எடை 6.45 கிராம். புதுச்சேரியில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஒரு பவுன்கூடத் தேறாதா? 22 கேரட்டும் இல்லையா?" என்றார். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் தங்கம், மீதி செம்பு. கேரட் கணக்கில் 21.6. அம்மாவிடம் அதெல்லாம் எடுபடவில்லை.

எனக்கு அந்த வருடம்தான் முக்கியம். முதல் உலகப் போருக்கு முன்னால் யாரோ ஒருவர் இதைக் கொடுத்துத் தையற்காரர் கணக்கைத் தீர்த்திருப்பார் என்று நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, நாணயக் கடைகள் நிறைந்த விவியென் தெருவில் ஒரு பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் மரியானையும் பார்க்கவில்லை, சேவலையும் பார்க்கவில்லை. காசை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, லென்ஸை வைத்து விளிம்பை மெதுவாகச் சுற்றினார். அப்புறம் இழுப்பறையிலிருந்து 1904-ஆம் வருடச் சேவல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது வெளிறிய மஞ்சள், என்னுடையது செம்பு அடித்தது. தனியாகப் பார்த்தபோது இது கண்ணிலேயே படவில்லை.

"முசியே, இது உங்கள் தாத்தா காலத்துக் காசு இல்லை, அப்பா காலத்துக் காசு."

1907 முதல் 1914 வரை வருடம் போட்ட சேவல்களை, பாரிஸ் நாணயச்சாலையே 1950-களில் பழைய வருடத்தோடு மறுபடி அடித்திருக்கிறது. எடை, மாற்று எதுவும் குறைவில்லை, போலி என்று சொல்ல வாயில்லை. என் தையற்காரர்தான் காணாமல் போனார்.

1899–1906 காசுகளுக்கு இந்த மறு அச்சுத் தொல்லை இல்லை. விளிம்பில் 'கடவுள் பிரான்ஸைக் காக்கிறார்' என்று இருக்கும். தேவாலயத்தையும் அரசையும் பிரித்து 1905-ல் சட்டம் வந்தது. 1907-லிருந்து அந்த இடத்தில் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்'. கடவுளை விளிம்பிலிருந்தும் இறக்கிவிட்டார்கள்!

சரி, கையோடு அந்த 1904-ஐயும் வாங்கிவிட்டேன். இரவு வீடியோவில் இரண்டையும் அம்மாவுக்குக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் செவப்பா இருக்கறதுதான் நல்ல தங்கம். மஞ்சளை எதுக்கு வாங்கின?"